வாக்குத் தவமும் மௌனமும்

சந்தாபுராவில் வாழும் உங்களுள் பலர் பொம்மசந்திராத் தொழிற்சாலைகளிலும் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் பணிபுரிபவர்கள். இங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. அங்கே 2021 டிசம்பரில் நிகழ்ந்ததைச் சிந்திப்போம்.

ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பணிக்கு வராத தோழியர் என்ன ஆயினர் என்று மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. நோயுறாத பெண்களும் கலங்கி, பெருந்திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மரணச் செய்தி பொய். ஆனால் அவர்களது குறைகள் பொய்யல்ல. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தகுந்த தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் திறந்தது.

கீதையின் 17-ஆம் அத்தியாயம், 15-ஆம் சுலோகம் வாக்குத் தவத்தை விளக்குகிறது. பேச்சு உண்மையாகவும், இனிமையாகவும், நன்மை தருவதாகவும், ‘அனுத்வேககரம்’ ஆகவும் இருக்க வேண்டும். இச்சொல்லை மொழிபெயர்ப்பது எளிதன்று. தமிழில் ‘உத்வேகம்’ என்றால் ஊக்கம். வடமொழியில் அது மனக்கலக்கம். கேட்பவரைக் கலங்கச் செய்யாத பேச்சு என்பதே பொருள்.

வாக்குத் தவம் என்றால் வாய்மூடியிருப்பது எனப் பலர் கருதுகின்றனர். பகவானோ மௌனத்தை அங்கே வைக்கவில்லை. அடுத்த சுலோகத்தில், மனத் தவத்தில் வைக்கிறார். மனம் அடங்குவதால் வரும் மௌனம் வேறு. பொறுப்பிலிருப்பவர் பதில் சொல்ல அஞ்சிக் காக்கும் மௌனம் வேறு. பின்னதை ஆன்மிகப் பெயரிட்டு அழைக்கலாகாது.

நெருக்கடியில் எல்லாம் தெரிந்த பிறகே பேசுவேன் என்று மேலதிகாரி காத்திருக்க வேண்டியதில்லை. “இவ்வளவுதான் தெரியும், மாலை ஆறு மணிக்கு மறுபடியும் சொல்கிறேன்” என்பதே உண்மை, நன்மையும் கூட. ஆறு மணிக்குப் புதிய செய்தி இல்லையென்றாலும் வந்து நிற்க வேண்டும். அனுமன் இராமனிடம் திரும்பியபோது, சீதையைக் கண்ட செய்தியைத்தான் முதலில் வைத்ததாகக் கம்பர் பாடுகிறார். கடல் கடந்த கதையைப் பிறகு சொல்லலாம்; காத்திருப்பவனின் நெஞ்சு ஒரு கணமும் தவிக்கக் கூடாது.

உங்களுக்கே உறக்கம் கெட்டு, பணிக்குச் செல்ல அச்சம் தோன்றுமாயின், ஜபம் மட்டும் போதும் என்றிருந்துவிடாதீர்கள். ஜபமும் நடக்கட்டும், மருத்துவரையும் பாருங்கள். இதே ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் உள்ளது. டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.