பொறுமை யாருக்காக?

பொறுமையைப் புகழாத நூல் நம் மொழியில் அரிது. திருக்குறளில் அதற்கெனவே ஓர் அதிகாரம் உண்டு. துன்பத்தில் மனந்தளராமை பற்றி வேறோர் அதிகாரமும் உண்டு. மேடையேறிப் பேசுவோரும், கோயிலில் பிரசங்கம் செய்வோரும், நோயாளியைக் காண ஆரஞ்சுப் பழத்தோடு வரும் உறவினரும் அச்சொல்லைத் தாராளமாக வழங்கிவிட்டுப் போகின்றனர். பொறுமையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், நோவில் கிடப்பவரைப் பார்த்து ‘பொறுத்துக்கொள்’ என்று கூறும்போது, அப்பொறுமை யாருடைய நன்மைக்காகக் கேட்கப்படுகிறது? நோயாளிக்காகவா, அன்றி அவருடைய முனகலைக் கேட்டுச் சலித்துப்போன நமக்காகவா? இக்கேள்வி சென்ற பதினொரு மாதங்களாக நம் வீட்டிலேயே குடியிருந்து வருகிறது.

நம் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மரங்கள். பட்டை உயர்ந்த மரத்திற்கு அண்ணாந்தும், பட்டை தாழ்ந்த மரத்திற்குக் குனிந்தும் குந்தியும் வெட்ட வேண்டும். பின்னர்ப் பால் நிறைந்த வாளிகளைச் சுமந்துகொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும். முழங்காலில் எலும்போடு எலும்பு உராயாதபடி இடையே வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு முன்போல் வளர்வதில்லை. முதுமை, உடற்பருமன், பழைய அடி ஆகியவற்றோடு, நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் பாரம் சுமந்தும் செய்யும் வேலையும் அதனைக் கெடுக்கும் என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை.

நம் உறவினரான ஒரு பெரியவரோ வேறொரு காரணம் கண்டார். முற்பிறப்பில் எந்த வாயில்லாப் பிராணியின் காலையோ ஒடித்த பாவமாம்; பரிகாரம் செய்தால் தீருமாம். இதைக் கேட்டு நாம் நகைத்தோம். முற்பிறப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், இப்பிறப்பின் ஐந்நூறு மரங்களும் விசாரணையின்றி விடுதலையாகிவிடும் அல்லவா? கால் தேய உழைத்தவரையே குற்றவாளியாக்கும் அந்தக் கணக்கு யாருக்கு இலாபம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பரிகாரத்திற்குக் கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்து, அன்னையாரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். பகுத்தறிவின் வழி நடந்தோம் என்ற பெருமிதமும் நமக்கு உண்டாயிற்று. அப்பெருமிதத்தின் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

கெட்டுப்போன முழங்காலுக்குப் புதியது அமைக்கும் முயற்சி நேற்று இன்று தோன்றியதன்று. 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் குளூக் என்னும் வைத்தியர், காசநோயால் அழிந்த மூட்டுக்கு யானைத் தந்தத்தால் செய்த கீல் ஒன்றைப் பொருத்தினார். கிருமி புகுந்தமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. இன்று நடைபெறும் ரண சிகிச்சைக்கு முன்மாதிரியானது 1974-இல் நியூயார்க்கில் கையாளப்பட்ட அமைப்பாகும். எலும்புகளின் தேய்ந்த முனைகளைச் சீவியெடுத்து, உலோகத்தால் மூடி, நடுவே பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கின்றனர். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாளே நிற்கச் சொல்லுகின்றனர்.

இந்த வேகமே நம்மை ஏமாற்றியது. இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு மாதம் போதாதா என்று கணக்கிட்டோம். போதாக்குறைக்கு, பக்கத்துப் பட்டணத்தில் ஓர் அம்மாள் ஆறே வாரத்தில் கைத்தடியின்றிக் கடைத்தெருவுக்குப் போனார் என்ற செய்தியைக் காண வந்தோர் அனைவரும் தவறாமல் கொணர்ந்தனர். நம் அன்னையாரோ இரவில் உறங்கவில்லை. கால் வீங்கியிருந்தது; தொட்டால் சுட்டது. தழும்பின் வெளிப்புறம் மரத்துப்போய்த் தம் தோலே அன்னியர் தோல் போலிருக்கிறது என்றார். புரண்டு படுக்க இயலவில்லை. லயத்து வீட்டின் குந்துங் கழிப்பறை அவருக்கு எட்டாத இடமாயிற்று. நாற்காலி ஒன்றின் நடுவை அறுத்துத் துளையிட்டுக் கொடுத்தோம். பிள்ளை கையால் அந்த நாற்காலியை வாங்கியபோது அவர் முகம் திரும்பிக்கொண்டதை நாம் அப்போது பொருட்படுத்தவில்லை.

தையல் பிரித்த நாளில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ‘படம் நன்றாயிருக்கிறது’ என்றார் வைத்தியர். அவர் கூறியது உண்மையே. உலோகம் உரிய இடத்தில் நேராக நின்றது. அன்றிலிருந்து அந்தப் படம் நம் வீட்டில் பூசைக்குரிய படமாயிற்று. இரவில் அன்னையார் முனகினால், ‘படம் நன்றாயிருக்கிறதே அம்மா’ என்றோம். காலை வேளையில் நடக்க அஞ்சினால் அதையே கூறினோம். ஒரு நாள் சற்றுக் கடிந்தே கூறிவிட்டோம்: ‘அந்த அம்மாளுக்கு இல்லாத நோவு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?’ அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ‘சரி ஐயா’ என்றார். அதன்பின் முனகல் நின்றது. நோவு குறைந்துவிட்டது என்று எண்ணி, நாம் நிம்மதியாக உறங்கினோம்.

ஐந்தாம் வாரத்தில் அடுத்த வீட்டு அம்மாள் நம்மைத் தனியே அழைத்தார். ‘தம்பி, அம்மாவுடைய கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கிறது, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். நாளைக்கு எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் வரச் சொல்லியிருக்கிறார்’ என்றார். அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காலின் உள்நரம்பில் இரத்தம் உறைந்திருந்தது. இவ்வகைச் சிகிச்சைக்குப் பின் வரக்கூடியதே அது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். அவ்வாறிருக்கும் காலை உருவிவிடுவது எத்தகைய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள், தப்பினார். ‘எத்தனை நாளாக இப்படி?’ என்று வைத்தியர் கேட்டதற்கு அன்னையார், ‘நாலு நாளாய்’ என்றார். ‘ஏன் சொல்லவில்லை?’ என்ற அடுத்த கேள்விக்கு அவர் விடை கூறவில்லை. நம்மைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்க.

பொறுமை என்று நாம் கேட்டது வாய்மூடுதலை. அதை அவர் முழுமையாகவே கொடுத்துவிட்டார்.

நிற்க. இந்த அவநம்பிக்கையை நாம் எங்கே கற்றோம் என்று எண்ணிப் பார்த்தோம். வெகுதூரம் தேட வேண்டியதில்லை. நாம் தோட்டத்தில் கணக்கெழுதுபவர்கள். காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது, ‘முட்டி பிடித்துக்கொண்டது ஐயா’, ‘இடுப்பு எழவிடவில்லை ஐயா’ என்பவர்களை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காய்ச்சல் என்றால் கருவி வைத்துப் பார்க்கலாம். வெட்டுக்காயம் என்றால் கண்ணால் காணலாம். நோவுக்குச் சாட்சி நோவுடையவரைத் தவிர வேறெவரும் இல்லை. ஆகவே, செக்ரோலில் எழுதும் கைக்கு அது எப்போதும் சந்தேகத்துக்குரிய பொருள். இன்று காட்டில் வேலை செய்வோர் பெரும்பாலும் பிற நாட்டுத் தொழிலாளர். அன்று நம் அன்னையார் தலைமுறையினர். பெயர்கள் மாறின, எழுதும் கை மாறவில்லை. நம் அன்னையாரே அப்படி ஒரு வரிசையில் நின்று, அப்படி ஒரு கிராணியின் பார்வையைத் தாங்கியவர்தாம் என்பது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நமக்கு உறைத்தது.

வலியைப் பற்றி ஆராய்வோரின் சர்வதேசச் சங்கம் 1979-இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்து, 2020-இல் அதைத் திருத்தியது. வலி என்பது வெறும் உடற்புண் அன்று, மனத்தோடும் கூடிய அனுபவம் என்பது அதன் கருத்து. அதற்கு எழுதிய குறிப்பில், ஒருவர் தமக்கு வலி என்று கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்தனர். படிப்பதற்குச் சிறிய வாக்கியம். ஆனால், இதை எழுதி வைக்க வேண்டிய நிலை அறிஞர் உலகிற்கே 2020 வரை இருந்தது என்பதைக் கவனிக்க. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு ஏறக்குறைய நீண்ட நாள் நோவு நிலைத்துவிடுகிறது. படமெல்லாம் சரியாயிருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. பல்லாண்டு நோவு கண்ட உடலில் முதுகுத்தண்டும் மூளையும் சிறு தூண்டுதலையும் பெரிதாக உணரப் பழகிவிடுவது அதன் காரணங்களுள் ஒன்று. கீல் புதிதாயிற்று, அதனோடு கட்டுண்ட நரம்புகள் பழையனவே. தொடைத் தசையும் சிகிச்சைக்குப் பின் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்து, மாதக்கணக்கில்தான் அதை மீட்கிறது. முழுப் பயன் தெரிய ஓராண்டு ஆகலாம் என்பது வைத்தியர்கள் சாதாரணமாகக் கூறுவதே. நமக்கும் கூறினார்கள். ‘ஆறு வாரம்’ என்பதைக் கேட்ட காது அதைக் கேட்கவில்லை.

ரோமாபுரியில் அடிமையாயிருந்து பின்னர்த் தத்துவ ஞானியாக விளங்கிய எபிக்டெட்டஸ் என்பாரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. எசமான் அவர் காலை முறுக்கினானாம். ‘முறுக்கினால் ஒடியும்’ என்றாராம் இவர். ஒடிந்ததும், ‘ஒடியும் என்று சொன்னேனே’ என்று அமைதியாகக் கூறினாராம். பள்ளியில் இதைப் படித்தபோது நாமும் வியந்தோம். இன்று அக்கதையில் நம் கண்ணுக்குப் படுபவன் எசமானே. முறுக்கியவனுக்கு இதைவிட வசதியான அடிமை கிடைப்பானா? அந்த ஞானியின் மனவுறுதி அவருடையது. அதை அவர் தமக்காகத் தேர்ந்திருப்பின் நாம் தலைவணங்குகிறோம். அதைப் பிறருக்குக் கட்டளையாக விதிக்கும் உரிமை, காலை முறுக்கும் கைக்கு இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகனுக்கும் இல்லை.

அப்படியாயின், நோவு என்றவுடன் படுக்கவிட்டு விசிறிக்கொண்டிருப்பதுதான் அன்போ என்று கேட்பர். அன்று. இங்கேதான் இச்சிகிச்சையின் கடுமை இருக்கிறது. முதல் வாரங்களில் முழங்காலை மடக்காமல் விட்டால் உள்ளே தழும்புச் சதை இறுகிவிடும். பின்னர் மயக்க மருந்து கொடுத்து மடக்க நேரிடும். சமதரையில் நடக்க ஏறக்குறைய 70 பாகை மடங்கினால் போதும். படியேற 90 வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேல். நம் அன்னையார் ஐந்தாம் வாரத்தில் 75-இல் நின்றார். நோவை நம்பவும் வேண்டும். நோவோடு மடக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருவரே செய்வது எப்படி?

இதற்கு விடை, புத்தகத்தில் நாம் கண்டதன்று. ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி தரும் மலாய்ப் பெண் ஒருவர் செய்து காட்டியது. காலில் கை வைக்குமுன், ‘மக்சிக், இன்று பத்தில் எத்தனை?’ என்று கேட்பார். அன்னையார் ‘ஏழு’ என்பார். ‘ஏழா? பெரிதுதான்’ என்பார் அவர். எங்கே, எப்போது அதிகம், குத்துகிறதா எரிகிறதா என்று கேட்டு, கெண்டைக்காலைப் பார்த்து, தழும்பைப் பார்த்து, அதன் பிறகே மடக்குவார். மடக்கும்போது அன்னையார் கத்துவார். அவர் தடுப்பதில்லை, ‘கத்துங்கள், எண்ணிக்கொண்டே கத்துங்கள்’ என்பார். நம் வீட்டில் முனகக்கூட அஞ்சிய அன்னையார் அங்கே வாய்விட்டுக் கத்தியபடி 80 பாகை மடக்கினார். அடுத்த மாதம் 92. அச்சோதனை வெறும் ஆறுதலன்று. புதிய வீக்கம், காய்ச்சல், சீழ், மூச்சுத்திணறல் ஆகியவை அறிவிக்கும் நோவு வேறு. பயிற்சியின் நோவு வேறு. கேட்டறியாதவனுக்கு இரண்டும் ஒரே முனகல். திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்காகப் பகுத்து, கடைசியானவனையும் மருத்துவத்தின் உறுப்பாகவே வைத்தார். அந்த நான்காமிடத்தில் நாம் உட்கார்ந்துகொண்டு, கேட்கும் வேலையைப் படத்திடம் ஒப்படைத்திருந்தோம்.

அதன்பின் நம் வீட்டிலும் காலையில் எண் கேட்கும் வழக்கம் வந்தது. சில நாள் ஆறு. மழைநாளில் எட்டு என்பார். மழைக்கும் கீலுக்கும் தொடர்புண்டா என்று வாதிட நாக்குத் துடிக்கும், அடக்கிக்கொள்வோம். பயிற்சிக்கு முன் மாத்திரை, பின் துணியில் சுற்றிய பனிக்கட்டி, மாலையில் லயத்தின் கடைசி வீடு வரை நடை. பக்கத்துப் பட்டணத்து அம்மாளின் பெயரை எடுப்போருக்குக் காப்பி விரைவாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

பதினோராவது மாதத்தில் இன்று 108 பாகை. சந்தைக்குப் போய் வருகிறார். தரையில் சம்மணமிட இயலாது. மண்டியிட்டால் தழும்பு உறுத்துகிறது. இரவில் மூன்று மணி அளவில் இன்னும் விழிப்பு வருகிறது. பழைய நோவோடு ஒப்பிட்டு ‘செய்துகொண்டது சரிதானா அம்மா?’ என்று ஒரு நாள் கேட்டோம். ‘ஒரு நாளைக்குச் சரி, ஒரு நாளைக்கு இல்லை’ என்றார்.

சென்ற வாரம் வைத்தியர் இரண்டு காலையும் பார்த்துவிட்டு, மற்றதும் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்றிக்கொள்ளலாமே என்றார். நமக்குச் சொல்லப் பல காரணங்கள் இருந்தன. சில அவர் பக்கம், சில எதிர்ப்பக்கம். அன்னையார் நம் முகத்தைப் பார்க்கவில்லை. தம் இரு கால்களையும் நீட்டி வைத்து, வெகுநேரம் அவற்றையே பார்த்திருந்தார். ‘யோசித்துச் சொல்லுகிறேன் ஐயா’ என்றார் வைத்தியரிடம். வழியிலும் நாம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டு வாசற்படியில் முதலில் நல்ல காலை வைப்பார்; அன்று எந்தக் காலை நல்ல கால் என்று முடிவு செய்ய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. நாம் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.