கூண்டில் இருக்கும் உயிர் யாரிடம் முறையிடும்?



அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்தது. அதைத் தடவிக் கொடுத்த நபியவர்கள், உரிமையாளரை அழைத்து, அவர் அதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது தம்மிடம் முறையிட்டதைச் சொல்லிக் கண்டித்தார்கள். (அபூதாவூத்)

இன்று ஆய்வுக்கூடக் கூண்டில் இருக்கும் எலியும் முயலும் யாரிடம் முறையிடும்?

நம் ஜமாஅத்தில் பலர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். 1921-ல் கனடாவின் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் செய்த சோதனைகளிலிருந்துதான் அந்த மருந்து பிறந்தது. 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. எனவே, உயிர் காக்கும் ஆய்வு அனைத்தும் ஹராம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஃபிக்ஹுச் சட்டத்தில் ஓர் அடிப்படை உண்டு: நிர்ப்பந்தம் எவ்வளவோ, அனுமதியும் அவ்வளவுதான். தேவை என்பது கதவைத் திறந்துவிடுவது மட்டுமல்ல, எல்லையையும் போடுகிறது.

அந்த எல்லையை 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் மூன்றாக வகுத்தார்கள். விலங்கு இல்லாமல் முடியுமா? குறைந்த எண்ணிக்கையில் முடியுமா? வேதனையைக் குறைக்க முடியுமா? அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன நபியின் உம்மத்துக்கு மூன்றாவது கேள்வி புதிதல்ல.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதற்கு வழி செய்திருக்கிறது. ஆய்வு நிறுவனங்களில் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவரோடு, அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இடம்பெற வேண்டும். வாயில்லா அந்த உயிரின் முறையீட்டைக் கேட்கும் காது அந்தக் குழுதான்.

பார்மஸி, பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளே! அந்தக் குழுவில் நாளை நீங்களும் அமரலாம். படிக்காமல் போடும் கையெழுத்து பொய் சாட்சி போன்றது. ஆறு எலி போதுமென்ற இடத்தில் அறுபது கேட்பதும், வந்த முடிவை மாற்றி எழுதுவதும் அமானத்தில் மோசடி. பொய்க் கணக்கு எழுதினால் அந்த உயிர் பட்ட வேதனை அத்தனையும் வீணல்லவா?

வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, எந்தப் பயனுமின்றித் தன்னைக் கொன்றவனைப் பற்றி மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்று நஸாயீயில் வருகிறது. இங்கே கேட்கப்படாத முறையீடு அங்கே கேட்கப்படும்.

அந்த நாளில் எந்த உயிரும் நமக்கு எதிராக வாதாடாத நிலையில் நம்மை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.