பகுத்துண்ணலும் ஏற்றுண்ணலும்

பகுத்துண்ணுதல் அறம் என்பதில் தமிழர்க்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன், அமிழ்தமே கைக்கு வந்தாலும் அதனைத் தனித்திருந்து உண்ணாத மாந்தர் இருப்பதனால்தான் உலகம் நிலைபெற்றிருக்கிறது என்னும் கருத்தைப் புறநானூற்றில் பாடி வைத்தான். 1867ஆம் ஆண்டில் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. ஆயின், கொடுப்பதனை இவ்வளவு போற்றிய நாம், பிறர் கொடுத்ததனை வாங்கி உண்பதைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்தவர்கள் அல்லர். கைநீட்டி வாங்குதல் தாழ்வு என்றே பள்ளிப் பருவம் முதல் பயின்று வந்திருக்கிறோம்.

பசித்தவன் இரப்பதை நான் ஈண்டுக் கருதவில்லை. அண்டை வீட்டார் நீட்டும் ஒரு கிண்ணக் குழம்பைக் கருதுகிறேன். ஊரை விட்டு வந்து, தில்லி போன்ற நகரங்களில் அடுக்கு வீடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது ஏட்டு வினா அன்று. படிக்கட்டுக்கு எதிர்ப்புறம் பஞ்சாபிக் குடும்பம், மேல்தளத்தில் வங்காளியர், கீழே கட்வாலிலிருந்து வந்தவர்கள். கிண்ணம் ஒன்று நம் வாசலுக்கு வருகிறது. அதை வாங்கிக்கொள்வது கொடுப்பதிலும் குறைந்த செயலா? வாங்கியதை உண்டு, அதன் சுவையை விரும்பி, நம் அடுப்பிலும் அதையே சமைக்கத் தொடங்கினால், நாம் எதையேனும் இழந்தவர்கள் ஆகிறோமா?

முதல் வினாவுக்கு மணிமேகலைக் காப்பியம் விடை தருவதாக நான் எண்ணுகிறேன். அமுதசுரபியை நாம் கொடைக்கே அடையாளமாகக் கொண்டுவிட்டோம். ஆனால் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்த பின் அவள் செய்த முதற்செயல் ஈதல் அன்று; ஏற்றலே. ஆதிரையின் மனைமுன் நின்று, அவள் கையால் முதற்பிச்சை பெற்ற பிறகே அந்தப் பாத்திரத்தில் உணவு பெருகுகிறது. அவளுக்கு முன் அதனை வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இதனினும் கூர்மையானது. நாட்டில் மழை பெய்து வளம் மிகுந்ததும் அவனை நாடி வந்து உண்பார் இலராயினர். உண்பாரைத் தேடிக் கப்பலேறியவன் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். எடுக்க எடுக்கக் குறையாத உணவு கையில் இருந்தும், வாங்க ஒரு கை இன்மையால் அவன் மாண்டான் என்பதைக் காண்கிறோம். கொள்வோன் இல்லையேல் கொடுப்போனும் இல்லை. ஆகவே அண்டை வீட்டுக் கிண்ணத்தை நாம் மறுக்கும்போது, ‘வேண்டாம்’ என்று அடக்கமாக ஒதுங்கிக்கொள்வதாக நினைக்கிறோமேயன்றி, அவரிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறோம் என்பதை உணர்வதில்லை.

எந்த உணவு வாசலைக் கடந்து வருகிறது என்பதும் எண்ணத்தக்கது. வடநாட்டில் உணவைக் ‘கச்சா’ என்றும் ‘பக்கா’ என்றும் பிரிக்கும் பழைய வழக்கம் உண்டு. நீரில் வெந்த சோறும் பருப்பும், தணலில் சுட்ட ரொட்டியும் கச்சா. நெய்யில் பொரித்த பூரியும் இனிப்புப் பண்டங்களும் பக்கா. பக்கா உணவைப் பல சாதியாரிடமிருந்தும் பெறலாம். கச்சா உணவையோ தமக்கு ஒத்தவர் அல்லது உயர்ந்தவர் எனக் கருதப்பட்டோரிடமிருந்து மட்டுமே பெறலாம் என்பது அந்நாளைய விதி. இப்பெயர்கள் தமிழ்நாட்டில் வழங்கவில்லை. ஆனால் செயல் வழங்கியது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தெருவெங்கும் சென்று வரும். குழம்பு ஊற்றிய சோறு அப்படிச் சென்றதா? பண்டிகைப் பலகாரத்தைப் பரிமாறிக்கொள்வதால் எந்தச் சுவரும் இடிவதில்லை. அன்றாடச் சோற்றைப் பரிமாறும்போதுதான் சுவர் இருப்பதே தெரிகிறது.

அந்தச் சுவர் சிறியதும் அன்று. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர் தனியே அமர்ந்து உண்டது பற்றி 1924-25இல் எழுந்த பூசல், தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. அதற்கு முன்னரே, 1917இல், கேரளத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன் புலையர்களோடு பிறரையும் ஒருங்கே உண்ணச் செய்தார். அதற்காக அவரைப் ‘புலையன் ஐயப்பன்’ என்று இகழ்ந்தார்கள். அவர் அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். அங்கெல்லாம் பரிமாறப்பட்டது அறுசுவை விருந்தன்று, வெறும் நாட்சோறுதான்.

தில்லியில் வாழும் நாம் பங்களா சாகிப் குருத்வாராவின் லங்கரைப் பார்த்திருக்கிறோம். குருவைக் காண வருவோர் முதலில் வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று குரு அமர்தாசர் 16ஆம் நூற்றாண்டில் விதித்தார். ரொட்டி வரும்போது இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். செல்வரும் ஏந்துகிறார்; கூலியாளும் ஏந்துகிறார். அவ்வரிசையில் சமன்மை கொடுப்பதால் வந்ததன்று; எல்லாரும் ஏற்பதால் வந்தது. நம்மவரில் சிலர் அங்கே சென்று வணங்குவர். உண்ணும் கூடம் வந்ததும் ‘வயிறு சரியில்லை’ என்பர். அவர்கள் வயிற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

‘அப்படியாயின் யார் எதைக் கொடுத்தாலும் உண்ண வேண்டுமா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. பண்டத்தை நோக்கி மறுப்பது ஒன்று. சமைத்த கையை நோக்கி மறுப்பது மற்றொன்று. புலால் உண்ணாதவர் மேல்தளத்து வங்காளி அம்மையார் தரும் மீன்குழம்பை மறுப்பதில் பிழையில்லை. அது அவர் மேற்கொண்ட நோன்பு. அந்த அம்மையார் அதனை அறிந்துகொண்டு, அடுத்த முறை பாகற்காய் சேர்த்த சுக்தோவைக் கொண்டு வருவார். கையை நோக்கி மறுப்பதோ ஒரு மனிதர்மேல் எழுதும் தீர்ப்பு. இடர் என்னவெனில், இரண்டாவது மறுப்பு எப்போதும் முதலாவதன் ஆடையை உடுத்துக்கொண்டே வருகிறது. இதனைக் கண்டறியும் வழி எளிது. அண்டை வீட்டில் ‘வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை’ என்று மொழிந்தவர், ஓட்டலில் அவ்விரண்டும் சேர்ந்ததை விரும்பி உண்கிறாரா என்று பார்த்தால் போதும். ஓட்டலில் சமைத்த கை கண்ணுக்குத் தெரிவதில்லை; அவ்வளவே வேறுபாடு.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு முந்தைய நாள் குழம்பைத் தனித் தட்டில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதனையும் பகிர்தல் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பகுத்தல் என்பது உண்பதற்கு முன் நிகழ்வது. நாம் உண்டு முடித்த பின் எஞ்சியதைத் தள்ளுவதற்கு அச்சொல் பொருந்தாது.

இனி இரண்டாவது வினா. அண்டையாரிடமிருந்து புதுச் சமையலைக் கற்பதால் நம் தன்மை கெடுமோ என்று முதியோர் அஞ்சுகின்றனர். நம் குழம்பில் உள்ள மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின், போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகை ஒத்த காய் என்று பெயரிட்டுத் தமிழர் அதனைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வழி வந்தவையே. சங்கப் புலவர் எவரும் இம்மூன்றையும் கண்டதில்லை. பாட்டிமார் செய்த பண்டங்கள் பல இன்று மறைந்துவிட்டன என்பது மெய். அவற்றை விரட்டியது பஞ்சாபியரின் கடி அன்று. நம் சோம்பலும், கடையில் விற்கும் பொடியுமே.

அந்தக் கடியையே எடுத்துக்கொள்வோம். அது நம் மோர்க்குழம்புக்கு உறவுமுறைதான். நாம் பருப்பையும் சீரகத்தையும் பச்சைமிளகாயையும் தேங்காயோடு அரைத்துப் புளித்த மோரில் கரைக்கிறோம். நுரைத்துப் பொங்கியவுடன் இறக்கிவிடுகிறோம், திரிந்துவிடும் என்ற அச்சத்தால். அவர்கள் கடலைமாவைக் கரைத்து நெடுநேரம் கொதிக்க விடுகிறார்கள். மாவு தயிரைத் திரியவிடாமல் தாங்குகிறது. தமிழ்ப் பெண் ஒருத்தி கடி செய்யக் கற்கும்போது அவள் கற்க வேண்டியது புது மசாலாவை அன்று. தாய் கற்பித்த ஓர் அச்சத்தை விடுவதனை. அவ்வாறே, சனவரிக் குளிரில் இட்டிலி மாவு ஏன் பொங்கவில்லை என்று எதிர்வீட்டுப் பெண்மணி வந்து கேட்பதும், பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைக்கும்படி நம் வீட்டார் சொல்வதும் நாம் அறிந்தவையே. 1951இல் மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூல், தாய் அருகிலில்லாப் பெண்கள் பலருக்குத் தாயாக இருந்தது. இன்று கைப்பேசித் திரையே கற்பிக்கிறது. இவை நன்மையே. ஆயினும் நூலுக்கும் திரைக்கும் நாம் கடன்படுவதில்லை. ஒருவர் அடுப்பின் அருகில் நின்று, அவர் கையளவைக் கண்டு கற்றதற்குக் கடன்படுகிறோம். அந்தக் கடனைத்தான் ‘உறவு’ என்கிறோம்.

ஆடவரை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலக நண்பரை, ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்’ என்று நாம் எளிதாக அழைத்துவிடுகிறோம். புகழ் நமக்கு, புகையும் வியர்வையும் மனைவிக்கு. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், வறுமையில் உழன்ற தம் மனைவியிடம் அப்பொருள் முழுவதையும் ஒப்படைத்து, இன்னார் என்று பாராமல் எல்லார்க்கும் கொடு, என்னையும் கேட்க வேண்டாம் என்றார். கொடுக்கும் உரிமையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நாமோ உரிமையை வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் ஒப்படைக்கிறோம். கத்தரிக்காய் நறுக்கக் கற்றுக்கொண்டால் இதில் பாதி தீரும். மறுபாதி, அழைப்பதற்கு முன் கேட்பதால் தீரும்.

நம்போன்ற சங்கங்களின் ஆண்டுவிழாக்களில் விருந்து தவறாமல் நடைபெறுகிறது. ஒப்பந்தச் சமையற்காரர் வருகிறார், இலை நிறைகிறது, வடநாட்டு நண்பர்கள் பாயசத்தைப் புகழ்கின்றனர். அதற்கு மாறாக, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அன்று சமைத்த நாட்குழம்பையோ கூட்டையோ ஒரு பாத்திரம் கொண்டுவந்து, உடன் ஓர் அண்டைக் குடும்பத்தையும் அவர்கள் வீட்டுப் பருப்போடும் ரொட்டியோடும் அழைத்து வந்தால் என்ன என்று பன்முறை எண்ணியதுண்டு. செலவு குறையும். ஆனால் பாத்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டதும், ‘இது யார் வீட்டுச் சமையல்?’ என்று எவரேனும் தாழ்ந்த குரலில் கேட்பர். சுவையை அறியவும் அப்படிக் கேட்கலாம். வேறொன்றை அறியவும் கேட்கலாம். சமையற்காரரை அமர்த்திவிட்டால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அது எழாமலிருக்கும் பொருட்டே அவரை அமர்த்துகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.