கொடி இறங்கிய பின்னும்

திருநாள் முடிகிறது. கொடி இறக்கப்படுகிறது, அலங்கார விளக்குகள் கழற்றப்படுகின்றன. வீடு திரும்பினால் அதே கடன், அதே நோய், காணாமற்போன மகனின் அதே படம். அப்படியானால் ஆலய முற்றத்தில் நாம் அனுபவித்த மகிழ்ச்சி வெறும் மயக்கந்தானா? துயரத்தின் நடுவே மகிழ்வது முறையாகுமா?

புனித சின்னப்பர் பிலிப்பியருக்குத் திருமுகம் வரைந்தது சிறையிலிருந்து. சாவா விடுதலையா என்று அறியாத நிலையிலும் மகிழும்படி அவர்களைத் தூண்டுகிறார். அவர் எழுதிய கிரேக்க மொழியில் மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா', அருளைக் குறிக்கும் 'காரிஸ்' ஆகிய இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அருள் கூலியன்று, கொடை. நாம் தேடிய இன்பங்களை இழப்பு பறித்துவிடலாம். இறைவன் தம்மையே நமக்குத் தந்ததால் வரும் மகிழ்ச்சியை எந்த இழப்பும் பறிக்க இயலாது.

இம்மகிழ்ச்சி பிறர் கண்ணீரைக் காணாததுபோல் கடந்து செல்லாது. அழுவாரோடு சேர்ந்து அழும்படி உரோமையருக்கு எழுதியவரும் அதே சின்னப்பரே.

ஆகவே, அன்பர்களே, இம்முறை திருநாள் பலகாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, துயருற்றிருக்கும் அயலவரின் படலையைத் திறப்போம். சற்று அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்போம். கொடி இறங்கிய பின்னும் தொடரும் திருநாள் அதுவே.