எல்லா ஒளியும் இருந்தாலும்

சைவ சித்தாந்த வகுப்பில் ஓயாமல் வரும் உவமை இது: உயிர் கண், அருள் சூரியன். கண்ணுக்குப் பார்க்கும் திறன் இருந்தாலும் கதிரொளி சேராமல் அது எதையும் காணாது. உயிருக்கு அறிவு இருந்தாலும் அருள் சேராமல் மெய்ப்பொருளை அறியாது. எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஐயா இதைச் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு வாய் துறுதுறுக்கும். அனிமேஷன் ஸ்டுடியோவில் லைட்டிங் என் வேலை. ஒளி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்திருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

மாடலிங் பிரிவிலிருந்து ஒரு முகம் வருகிறது என்று வையுங்கள். நிறமோ தோலோ இன்னும் ஏறாத வெறும் சாம்பல் முகம். கேமரா இருக்கும் இடத்திலேயே விளக்கை வைத்து வெளிச்சத்தைக் கொட்டினால் மூக்கு காணாமல் போய்விடும், கன்னம் தட்டையாகிவிடும். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தினால், மூக்கின் ஒரு புறம் இருண்டு, மூக்கு எழுந்து நிற்கும். இத்தனைக்கும் முகத்தில் விழும் வெளிச்சம் முன்பைவிடக் குறைந்துதான் இருக்கிறது. வடிவம் தெரிவது ஒளியால் அல்ல, ஒளி குறைந்துகொண்டே போகும் விதத்தால். யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் 1760-இல் எழுதிய விதி இதற்கு அடிப்படை: பளபளப்பில்லாத பரப்பு விளக்கை நேராக நோக்கினால் முழு வெளிச்சம், 60 பாகை திரும்பினால் பாதி, 90 பாகையில் ஒன்றுமில்லை. கணினி வரைகலை இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

திருவருட்பயனில் உமாபதி சிவாச்சாரியார் இருளையும், உயிரின் அறிவை மறைக்கும் மலமாகிய ஆணவத்தையும் ஒப்பிடுகிறார். இருள் பிற பொருளை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் தன்னையும் காட்டாது. அபாரமான கவனிப்பு. ஆனால் நேர்முக வெளிச்சமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. இருட்டறையில் இருப்பவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதாவது தெரியும். தட்டையாக ஒளியூட்டிய முகத்தைப் பார்ப்பவருக்கு எதையோ தவறவிடுகிறோம் என்ற சந்தேகமே வராது. அறியாமைக்கு இருளை மட்டும் உவமை சொன்னால் போதாது என்பது என் கட்சி.

காட்சி ஒரு பிரமாணம், அதாவது அளவை. காண்டல் (அதாவது காட்சி), கருதல் (அதாவது ஊகம்), உரை (அதாவது ஆன்றோர் வாக்கு) என்று சித்தாந்தம் மூன்றை ஒப்புக்கொள்கிறது. இதில் காண்டல் எங்கே முடிந்து கருதல் எங்கே தொடங்குகிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு இந்தக் கேள்வியை நன்றாகக் கிளறிவிடுகிறது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் வட்டங்களை வரைந்தார். மேல்பாதி வெளுத்த வட்டம் முட்டை போலப் புடைத்துத் தெரியும், கீழ்ப்பாதி வெளுத்தது குழியாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் குழி மேடாகும், மேடு குழியாகும். ஒளி ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. மேல் என்பதைக்கூட அது தலையை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. தலையைச் சாய்த்தால் மூளையின் சூரியனும் கூடவே சாய்கிறது!

இது திரிவுக்காட்சி, கயிற்றைப் பாம்பென்று காண்பது போல என்றார் ஐயா. எனக்கு உடன்பாடில்லை. கயிறு என்ற உண்மை அங்கே கிடக்கிறது, கிட்டப் போனால் பாம்பு நீங்கும். இந்த வட்டத்தில் மேடும் இல்லை, குழியும் இல்லை, எவ்வளவு நெருங்கினாலும் ஏதோ ஒன்று தெரிந்துகொண்டேதான் இருக்கும். காண்டலுக்குள்ளேயே கருதல் உட்கார்ந்திருக்கிறது.

என் தொழிலே அந்தக் கருதலை நம்பித்தான் ஓடுகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் 1971-இல் ஆன்ரி கூரோவும், 1973-இல் வியட்நாமில் பிறந்த பூய் துவாங் ஃபாங்கும் செய்தது அதுதான். கணினியில் உருண்டை என்பது தட்டையான சிறு பலகோணங்களின் கூட்டம். அவர்கள் அந்தக் கூட்டத்தைத் தொடவே இல்லை. வெளிச்சம் ஒரு பலகோணத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும்படி கணக்கிட்டார்கள், அவ்வளவுதான். பார்ப்பவர் அதை வழவழப்பான உருண்டை என்று சத்தியம் செய்வார். விளிம்பை மட்டும் உற்றுப் பார்த்தால் முனை முனையாக உடைந்திருக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. பீட்டர் பெல்ஹ்யூமர், டேவிட் க்ரீக்மன், ஆலன் யூயில் ஆகிய மூவர் 1999-இல் வெளியிட்ட கட்டுரை. பளபளப்பில்லாத ஒரு சிலையைத் தொலைவில் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறோம். அதையே அமுக்கித் தட்டையாக்கி, பரப்பின் வெளிர்மையை அதற்கேற்பத் திருத்தினால், முதல் சிலை எந்த விளக்கில் எப்படித் தெரிகிறதோ, இரண்டாவதும் வேறொரு விளக்கில் அச்சு அசலாக அப்படியே தெரியும், நிழல்கள் உட்பட. எல்லாத் திசையிலிருந்தும் தொலைவிளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தாலும், விளக்கு எங்கே இருக்கிறது என்று வேறு வழியில் தெரியாதவரை, எது முழுச்சிலை எது புடைப்புச் சிற்பம் என்று சொல்ல முடியாது. இதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் போதாது, நன்றாகச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் ‘ஒளி தா, ஒளி தா’ என்று கேட்பது எதற்கு? சூரியனுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற அக்கறை கிடையாது. அது பொழியும், நின்ற இடத்திலேயே நிற்பவனுக்கு மேடு பள்ளம் தெரியாமலே போகும்.

மெய்கண்டாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அவருடைய சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் வரும் உவமை வேறு. அங்கே உயிருக்கு முன்னால் இறைவன் விளக்காக நிற்கவில்லை. கண்ணுக்குக் காட்டும் உயிர் கண்ணோடு சேர்ந்து தானும் காண்பது போல, உயிருக்குக் காட்டும் இறைவன் உடன் நின்று தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். சூரிய உவமையைவிட இது பல மடங்கு நுட்பமானது என்பது என் தீர்ப்பு. காட்டுபவன் காண்பவனின் கண்ணுக்குள்ளிருந்து பார்த்தால்தான் எதை எப்படிக் காட்டுவது என்று தெரியும்.

யூட்டாவிலேயே ஏமி கூச்சும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் செய்தது இந்த வகை உதவி. இயந்திர பாகங்களின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும். உண்மையான விளக்கை வைத்தால் ஒரு பக்கம் கருகிவிடுகிறது, விளிம்புக்கோடு அதில் மூழ்கிப்போகிறது. அவர்கள் ஒளியை நோக்கிய பக்கத்துக்கு மஞ்சள் சாயல், விலகிய பக்கத்துக்கு நீலச் சாயல் கொடுத்து, முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு விளக்கு உலகத்தில் எங்குமே இல்லை. ஆனால் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் தெரிகிறது.

இதை வகுப்பில் சொன்னதும் ஐயா விடவில்லை. “அப்போ உங்க வெளிச்சம் பொய்தானேம்மா? அருள் பொய் சொல்லுமா?”

“வெளிச்சம் பொய்தாங்க ஐயா. பல்சக்கரம் பொய் இல்லையே.”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் திரோதான சக்தியைப் பார்ப்போம், மறைப்பதையும் அருள் என்றே ஏன் சொன்னார்கள் என்று படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்றார். உமாபதியாரிடமிருந்தே எனக்கு இன்னும் சாதகமாக ஏதாவது கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.