பரீட்சையும் பழக்கமும்: முதியோர் இல்லத் தலைமைக்குத் தகுதி யாது?

ஒருவனிடத்து ஒரு பொறுப்பை ஒப்புவிக்குமுன் அவனது தகுதியை ஆராய்தல் ஆன்றோர் மரபு. அங்ஙனம் ஆராயுமிடத்து இரண்டு வினாக்கள் எழும். இவன் கற்றது யாது என்பது ஒன்று. இவன் செய்து பழகியது யாது என்பது மற்றொன்று. ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. பயிற்சிக் கலாசாலையிற் பெற்ற தராதரப் பத்திரத்தோடு வந்த இளைஞரும், பத்திரம் யாதுமின்றி முப்பது ஆண்டு வகுப்பறையிற் கழித்த மூத்தோரும் ஒரே பாடசாலையில் அருகருகே நின்று கற்பித்ததை நம்முட் பலர் கண்டுள்ளோம். இருவருள் எவர் மேலானவர் என்னும் வழக்கும் நம் ஆசிரியர் அறைகளில் ஓய்ந்ததில்லை. அவ்வழக்கை இங்கே பிறிதொரு துறையில் வைத்து ஆராயப் புகுகின்றோம். அத்துறையாவது முதியோர் இல்லங்களை நடத்துவாரது தகுதி.

இதனை இப்பொழுது ஆராய்தற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையார் நூற்றுக்கு 12.4 பேர். அத்தொகை பின்னரும் பெருகியே வருகின்றது. நமது திருகோணமலைப் பகுதியிலோ, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் 2009இல் முடிவுற்ற நெடும்போரும் பல குடும்பங்களைச் சிதைத்தன. மக்கள் கடல் கடந்து வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் ஊர்தோறும் உள. கூட்டுக் குடும்பத்தில் முதியோர்க்கு இல்லம் எதற்கு என்று முன்னாளில் வினவினோம். இந்நாளில் அவ்வினாவுக்கு விடை நம் தெருக்களிலேயே இருக்கின்றது. அரசினர் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தினால், ஐவருக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும் என விதித்தனர். அச்சட்டம் இல்லத்தைப் பதியச் சொல்லிற்று. இல்லத்தை நடத்துவானைப் பரீட்சைக்கு இருத்தச் சொல்லிற்றில்லை. ஆகவே, நடத்துவான் எத்தகையனாதல் வேண்டும் என்னும் ஆராய்ச்சி, இல்லம் நிறுவ முற்படும் சபைகளின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வாராய்ச்சி சட்டமாகவே வந்தது. அந்நாட்டார் 1967ஆம் ஆண்டில் தமது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, முதியோர் பராமரிப்பு இல்லங்களின் நிருவாகிகள் ஒவ்வொருவரும் அனுமதிப் பத்திரம் பெற்றவராதல் வேண்டும் என்றும், 1970ஆம் ஆண்டுக்குள் மாகாணங்கள் அதற்கு வழி செய்தல் வேண்டும் என்றும் விதித்தனர். பராமரிப்பு, பணியாளர், நிதி, இல்லச் சூழல், தலைமை ஆகியவற்றைப் பற்றிப் பல விடைகளுள் ஒன்றைத் தெரியும் பரீட்சை ஒன்று நாடு முழுவதற்கும் எழுந்தது. பரீட்சைக்குமுன் பெற்றிருக்க வேண்டிய கல்வியும், மூத்த நிருவாகி ஒருவரின்கீழ்ப் பயில வேண்டிய காலமும் மாகாணந்தோறும் வேறுபட்டன. ஒன்று பட்டத்தை வற்புறுத்தும். மற்றொன்று குறைந்த கல்வியோடு நீண்ட அனுபவத்தை ஏற்கும். கற்றவர் பரீட்சையிற் சிறப்பரோ, பழகியவர் சிறப்பரோ என்று அந்நாட்டு அறிஞர் கணக்கிட்டு ஆராயவும் தலைப்பட்டனர்.

அச்சட்டத்தின் சொல்லமைதி நோக்கத்தக்கது. நிருவாகியாக வருவான் முதலில் நல்லொழுக்கம் உடையவனாதல் வேண்டும், பொருத்தமுடையவனாதல் வேண்டும், அதன் பின்னரே பயிற்சியாலோ அனுபவத்தாலோ தகுதி பெற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஒழுக்கம் முதலில் நின்றது. ஆயினும் பரீட்சையால் அளக்கப்பட்டது மூன்றாவதே. அளக்க இயலுவதை அளந்துவிட்டு, அளக்க இயலாததை அளந்தாற்போல அமைதி கொள்ளுதல் மனிதர் இயல்பு. இஃது அமெரிக்கர்க்கு மட்டும் உரிய குறையன்று.

இனி நம்மவர் கூறும் தடை ஒன்று உண்டு. "தொண்டு அன்பினால் நிகழ்வது, அன்புக்குப் பரீட்சை எற்றுக்கு? கண்ணப்ப நாயனார் எந்நூலைக் கற்றார்? எத்தனை ஆண்டு பழகினார்?" என்பர். நன்று. நாயனார் கல்லாதவர், பழக்கமோ ஆறே நாள். ஆயினும் அவரும் பரீட்சிக்கப்பட்டார் என்பதை இவ்வாறு கூறுவோர் மறக்கின்றனர். காளத்தியப்பர் தமது திருக்கண்ணிற் குருதி பெருகக் காட்டியது நாயனாரது அன்பைத் தாம் அறிதற்பொருட்டன்று. மறைந்து நின்ற சிவகோசரியார் அறிதற்பொருட்டே. பரீட்சை என்பது பிறர் தெளிதற்பொருட்டு நிகழ்வது என்பதும், அது சொல்லளவில் நில்லாது செயலிலே நிகழ்ந்தது என்பதும் அவ்வரலாற்றாற் பெறப்படும். அன்றியும், நாயன்மார் நிலை விதியைக் கடந்தது. சபை ஒன்று விதி வகுப்பது நாயன்மாருக்கன்று, நம் போலியருக்கு. அன்பு உண்டு என்று தன்னைத்தானே நம்பியிருப்பவன் கையில், வாய் திறந்து முறையிடவும் மாட்டாத முதியவரை ஒப்புவித்தல் அன்பாகாது.

அங்ஙனமாயின் எழுத்துப் பரீட்சை ஒன்றே போதுமோ எனின், போதாது என்க. மிசன் பாடசாலையிலே கற்ற யாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. முன்னாளில் அப்பாடசாலைகளிற் பயின்ற சைவப் பிள்ளைகள் விவிலிய பாடத்திலே முதற்பரிசு பெற்று, அப்பரிசுப் புத்தகத்தைக் கையிலும் திருநீற்றை நெற்றியிலும் தாங்கி வீடு திரும்பிய கதையை எம் மூத்தோர் நகைத்துக்கொண்டே சொல்வர். பிள்ளையிடத்தும் குற்றமில்லை, பாதிரியாரிடத்தும் குற்றமில்லை. பரீட்சை கேட்டது நினைவை. பிள்ளை கொடுத்ததும் நினைவையே. நெஞ்சில் இருப்பது கேட்கப்படவுமில்லை, கொடுக்கப்படவுமில்லை. முதியோர் இல்லப் பரீட்சையும் இத்தகையதே. படுக்கையிற் கிடப்பாரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வழக்கம் என்பதை எழுதத் தெரிந்தவன், நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து சென்று அது நடக்கின்றதா என்று பார்ப்பவன் ஆகான். ஆயினும் அதனை எழுதவும் தெரியாதவன் எழுந்து சென்று எதனைப் பார்ப்பான்? ஆதலின் பரீட்சை தக்கானைக் காட்டும் கருவியன்று. தகாதானை விலக்கும் வேலி. வேலி பயிரை வளர்ப்பதில்லை. வேலியில்லாத பயிர் எஞ்சுவதுமில்லை.

பழக்கத்தின் நிலை யாதெனின், அதுவும் தனித்து நம்பத்தக்கதன்று. அமெரிக்க இல்லங்களிலே முதியோர் விழாமற் காத்தற்பொருட்டு அவரை நாற்காலியிலும் கட்டிலிலும் கட்டி வைத்தல் நெடுங்காலம் வழக்கமாய் இருந்தது. அதனைச் செய்தவர் கொடியரல்லர், பல்லாண்டு பழகியவர். கட்டினால் விழமாட்டார் என்பது அவர்தம் அனுபவ முடிபு. கட்டுண்ட உடம்பு தசை மெலிந்து, புண்பட்டு, உள்ளம் ஒடுங்கி மேலும் கேடுறும் என்பதும், கட்டினின்று விடுபட முயன்று உயிரிழந்தாரும் உளர் என்பதும் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. 1987ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ கட்டப்படாதிருத்தல் முதியோர் உரிமை என்று கூறிற்று. பிழையை முப்பது ஆண்டு செய்தவனுக்கு முப்பது ஆண்டு அனுபவம் உண்டு என்று எண்ணுதல் கூடாது. ஓராண்டு அனுபவமே அவனிடத்து முப்பது முறை மீண்டது.

எனினும் நூலிற் காணப்படாததைப் பழக்கமே காட்டும் இடங்களும் உண்டு. ஓர் இல்லத்திலே சைவ மூதாட்டி ஒருவர் உணவை மறுக்கின்றார் எனக் கொள்வோம். நூலறிவுடையான் பசியின்மைக்குரிய நோய்களை ஒவ்வொன்றாய் எண்ணுவான். அவ்வூர் மூதாட்டியரோடு பழகியவளோ, முகங்கழுவித் திருநீறு அணியுமுன் அவர் உண்ணார் என்பதையும், தட்டிலே முன்பு மீன் பட்டதோ என்னும் ஐயத்தால் அவர் கை பின்வாங்குகின்றது என்பதையும் கண்டு கொள்வாள். மறுத்தவர் நோயாளர் அல்லர். ஆசாரத்தை இழக்க மனமில்லாதவர். அவளோ, அதே மூதாட்டி நீரிழிவு உடையவர் என்பதை மறந்து, தைப்பொங்கலன்று அன்பினால் இருமுறை சர்க்கரைப் பொங்கல் படைத்தல் கூடும். ஒன்றின் கண்ணை மற்றொன்று திறத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் இணைக்கும் முறை நம் துறைமுகத்திலேயே காணக் கிடக்கின்றது. பிரித்தானியர் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் அயல்நாடு செல்லும் கப்பல்களின் தலைவரும் துணைவரும் பரீட்சையில் தேறுதல் வேண்டும் என விதித்தனர். முன்னரே அப்பதவியில் இருந்தாரை வெளியேற்றவில்லை. அவர்க்குத் தேர்ச்சிப் பத்திரத்துக்கு வேறான சேவைப் பத்திரம் வழங்கினர். அமெரிக்கரும் பிற்காலத்து முதியோர் இல்லங்களில் முன்னமே இருந்த நிருவாகிகளுக்குச் சிறிது காலத் தவணை கொடுத்து, அதற்குள் பயிற்சி பெற வழி செய்தனர். பழகியவனை இழிவுபடுத்தாமலும், என்றைக்கும் விதிவிலக்காக விடாமலும் நடந்த இவ்விரு செயல்களும் நீதியுடையன.

இக்காலத்து மாலுமிகளுக்குரிய 1978ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை இன்னும் நுட்பமானது. 1995இல் திருத்தப்பட்ட அதன் விதிப்படி, கப்பலோட்டும் காவற்பணிக்குத் தகுதி பெற விழைவான், பயிற்சிப் பதிவேட்டோடு கூடிய ஒழுங்கான பயிற்சியில் அமைந்தால் 12 மாதக் கடற்சேவை செய்தல் போதும். அது இல்லையேல் 36 மாதம் செய்தல் வேண்டும். மேற்பார்வையோடும் எழுத்தோடும் கூடிய ஓராண்டு, அவையற்ற மூன்று ஆண்டுக்கு நிகராக வைக்கப்பட்டது காண்க. அனுபவத்தின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை. அஃது ஆராயப்பட்டதா என்பதிலே உள்ளது. சரக்கேற்றிய கப்பலுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் ஏற்றிய இல்லத்துக்குக் குறைவாக வேண்டுமோ?

நம் சித்தாந்தத்தைப் பயின்றார்க்கு இக்கருத்து அயலதன்று. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்துக்கு நான்கு படி வகுத்தனர் நம் முன்னோர். அவை வீட்டு நெறிக்குரியனவாயினும், உலகியற் கல்விக்கும் உவமையாம். பரீட்சை பெரும்பாலும் கேட்டலை அளக்கும். வெறும் பழக்கமோ இடையிலுள்ள இரண்டையும் கடவாமல் இறுதிப் படியில் நிற்பதாகப் பாவனை செய்யும். கேட்டதைச் செயலிலே வைத்துச் சிந்தித்தலும், செயலைக் கேட்டதனோடு ஒப்பிட்டுத் தெளிதலுமாகிய நடுப்படிகளே கல்விக்கும் அனுபவத்துக்கும் பாலமாவன. அவ்விடத்தே ஒரு குரு வேண்டும். நூலும் ஆண்டும் அவருக்கு ஈடாகா.

குருவின் தேவைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. நன்னூலார் நல்லாசிரியரின் இலக்கணம் கூறுங்கால், நூற்பயிற்சியால் வருந் தெளிவை வைக்குமுன்னரே அருளை வைத்தார். அருள் உண்டா இல்லையா என்பதை விடைத்தாளும் காட்டாது, சேவைக்காலமும் காட்டாது. உடனிருந்து பார்ப்பவர் ஒருவரே காண்பர். படுக்கையை நனைத்த முதியவரிடத்து, எவரும் காணாத வேளையிலே, இவன் எந்தக் குரலிற் பேசினான் என்பதை அறிந்தவரே இவனுக்குச் சான்று கூறத் தக்கவர்.

ஆகவே, முதியோர் இல்லம் நிறுவ எண்ணும் நம் சபைகளுக்கு நான்கு விண்ணப்பம். முதலாவது, தலைமை ஏற்பவர் நன்கு நடைபெறும் இல்லம் ஒன்றிலே, தக்கார் ஒருவரின்கீழ், ஓராண்டேனும் பணியாற்றி, நாடோறும் கண்டதையும் செய்ததையும் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டாவது, அதன்பின் அவர் மருத்துவர், தாதியர், கணக்கர் ஆகியோர் முன்னிலையில், தமிழிலே, வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வினவப்படுக. பட்டம் இல்லாமை ஒன்றே அவரைத் தடுக்காதிருக்க. மூன்றாவது, முன்னமே நெடுநாள் தொண்டு செய்வாரை நீக்காது, இரண்டாண்டுத் தவணையும் பயிற்சியும் அளிக்க. நான்காவது, பத்திரம் கொடுத்தவுடன் ஆராய்ச்சி முடிந்தது எனக் கருதாது, முன்னறிவிப்பின்றிச் சென்று, முதியோர் சொல்லையும் அவர்தம் மௌனத்தையும் கேட்க.

ஆசிரியர்களே, பரீட்சையைப் பிள்ளைகளுக்கு நாடோறும் அறிமுகப்படுத்துவோர் நாம். தேறினவனை அறிஞன் என்றும், தவறினவனை அறிவிலி என்றும் சொல்லுங்குரல் நம் வகுப்பறையிலிருந்தே ஊருக்குச் செல்கின்றது. இன்று நாம் கற்பிக்கும் பிள்ளைகளுள் எவரோ நாளை நம் கட்டிலருகே நிற்பர். அவர்க்கு நோயின் பெயரும் தெரிந்திருத்தல் வேண்டும். நம் பெயரும் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் வலிமையை மாதுமையம்மை சமேத கோணேசப் பெருமான் நமக்கு அருள்வாராக.