சோகையும் சோம்பலும்: நோய் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நோய் யாது என்னும் வினாவுக்கு மருத்துவம் விடை கூறும். உடல் தன் இயல்பிலிருந்து திரியுமாயின் அது நோய். ஆயின் இயல்பு என்பதை எதனைக்கொண்டு அளப்பது? ஓர் ஊரிற் பெரும்பாலோர் ஒரே நோயால் வருந்துவாராயின், அங்கு அந்நோயே இயல்பாகத் தோன்றிவிடாதா? பலருக்கும் உள்ளது என்ற ஒரு காரணத்தால் துன்பமொன்று தன் பெயரை இழக்கலாமா? இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. கினிகத்தேனைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் என் வீட்டிலிருந்தே பெற்றேன்.

என் அத்தை கொழுந்து பறிப்பவர். காலையிற் பிரட்டுக்களத்துக்குப் பிந்தியே வருவார். மலையேறும்போது பாதி வழியில் மூச்சுவாங்க அமர்ந்துவிடுவார். கொழுந்தின் நிறை குறைவதால் பல நாள்களில் அவருக்கு அரைப்பேரே கிடைத்தது. இரவில் யாரும் காணாதவாறு பச்சை அரிசியை அள்ளி மென்றுகொண்டிருப்பார். கங்காணி அவரைச் சோம்பேறி என்றார். லயத்தாரும் அவ்வாறே கூறினர். பள்ளி மாணவனாயிருந்த நானும் கூறினேன். பின்னர் பிரசவத்துக்குச் சென்ற இடத்தில் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் அவருக்கு இருந்தது கடுமையான இரத்தச்சோகை எனத் தெரியவந்தது.

களைப்பு, ஏற்றத்தில் மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கண்ணிமையின் உட்புறமும் நாவும் வெளிறுதல், நகம் கரண்டிபோற் குழிதல், அரிசியையோ மண்ணையோ தின்னும் வேட்கை ஆகியன இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையின் அறிகுறிகளாம். கருவுறாத பெண்ணுக்கு நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கருவுற்றவளுக்கு 11 கிராமுக்கும் குறைவாக ஈமோகுளோபின் இருப்பின் அது சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஆனால் காண்போர் கண்ணுக்கு ஈமோகுளோபின் தெரிவதில்லை; கை தளர்வதே தெரிகிறது. ஆகவே உடலின் குறை ஒழுக்கத்தின் குறையாக வாசிக்கப்படுகிறது. இது நம் மலைக்கு மட்டும் உரிய பிழையன்று. 1902 இல், அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் சோகைக்குக் காரணமான கொழுக்கிப்புழு பரவியிருப்பதை ஸ்ரைல்ஸ் என்பார் எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் சூட்டின.

இக்கொழுக்கிப்புழுவின் கதை நம் மலைநாட்டின் கதையுமாகும். மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஈரமும் வெம்மையும் நிழலும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. புழுக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் நுழைந்து, நுரையீரல் வழியாகத் தொண்டையை அடைந்து, விழுங்கப்பட்டுக் குடலிற் பற்றிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் ஓயாது நனையும் கினிகத்தேனைப் பகுதியில் மண்ணின் ஈரத்துக்குக் குறைவில்லை. கொழுந்து மலையில் அட்டை கடித்தால் நாம் உடனே குனிந்து பிடுங்கி எறிகிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளிருந்து நாள்தோறும் குடிக்கும் புழுவைப் பற்றியோ எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்டக்காரரின் பொறுப்பாக்கியது. 1916 இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்தாற் புழு வெளியேறியது. ஆனால் மலகூடங்கள் போதிய அளவு கட்டப்படாத இடங்களில் அதே மண்ணிலிருந்து அதே காலுக்குப் புழு மீண்டும் ஏறியது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயின் முதலைத் தேடுமாறு பணிக்கிறது. இங்கு அம்முதல் எது? புழுவா, மண்ணா, மலகூடமில்லாத லயமா, அந்த லயத்தைப் போதுமென்று கருதிய மனமா? கொத்தார்ட் சுரங்கப்பாதையை ஆல்ப்ஸ் மலையிற் குடைந்த தொழிலாளரிடையே பரவிய கடுஞ்சோகைக்கும் இதே இனப் புழுவே காரணமென 1880 இல் நிறுவப்பட்டது. ஆதலால் இது ஓர் இனத்தாரின் நோயன்று. ஒருவகை வாழ்நிலையின் நோயாகும்.

பாடசாலைகளிற் பூச்சிமருந்து கொடுக்கப்பட்டதன் பின் புழுவின் கொடுமை பெரிதும் தணிந்தது. ஆயினும் சோகை நீங்கிவிடவில்லை. மாதப்போக்கும் அடுத்தடுத்த பிரசவங்களும் இரும்பை இழக்கச் செய்கின்றன. ரொட்டியையே நம்பிய உணவு அதனை ஈடுசெய்வதில்லை. உணவோடு குடிக்கும் சாயத் தண்ணீரிலுள்ள பொருள்கள் உணவின் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமலும் தடுக்கின்றன. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுப்பவளின் சிறிதளவு இரும்பையும் அத்தேயிலையே பறித்துவிடுகிறது.

இனி அரிய நோயொன்றை நோக்குவோம். 1925 இல் கூலி என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்த தலசீமியாவும் ஒரு சோகையே. ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுவின் குறையால் அது வருகிறது. அக்குறையைத் தாங்கும் தாய் தந்தையருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்துண்டு. கடுமையான தலசீமியாவுள்ள குழந்தைக்கு இடையறாது இரத்தமேற்ற வேண்டும். அதனால் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தேங்க, அதனை அகற்ற வேறு மருந்தும் வேண்டும். அத்தையின் உடலில் இரும்பில்லை. இக்குழந்தையின் உடலில் இரும்பு மிகை. முகத்திலோ இருவருக்கும் ஒரே வெளிறல்.

அரிய நோயாளிக்காக மனம் எளிதில் உருகுகிறது. அது நன்றே, குருநாகலில் தலசீமியாவுக்கெனத் தேசிய நிலையம் இருப்பதும் நன்றே. அரியவருக்குச் செலவிடுவதைக் குறைத்துப் பலருக்குக் கொடுக்கவேண்டும் என்பாரும் உளர். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. இரும்புக் குளிசை மலிவானது; மலகூடமும் பாதணியும் கீரையும் பயறும் அரும்பொருள்கள் அல்ல. சோகை நீங்காதிருப்பதற்கு அரியவரின் செலவு காரணமன்று. அதனை நோயென்று நாம் காணாமையே முதற்காரணம். அதுமட்டுமன்று; வெளிறல் எல்லாருக்கும் உள்ளதே என்ற எண்ணம், லயத்துக் குழந்தையொன்றின் தலசீமியாவையும் சாதாரணச் சோகையெனக் கருதி வாளாவிருக்கச் செய்யலாம். பொதுமை என்னும் திரை பலரை மறைப்பதோடு அவரிடையே உள்ள அந்த ஒருவரையும் மறைத்துவிடும்.

தொழிலாளர் தாமே பாதணியணியாமலும் குளிசையை உண்ணாமலும் இருக்கின்றனரே என்று கேட்கலாம். அதில் உண்மை சிறிது உண்டு. ஆனால் தெரிவு என்பதற்குத் தெரிதல் வேண்டும். களைப்பே வாழ்வெனப் பிறந்தது முதல் கண்டவர், களைப்பில்லாத வாழ்வை எங்கிருந்து அறிவார்? அறிந்தும் வாய்திறவாத நம்மைப் போன்றோருக்கன்றோ அப்பொறுப்பு முதலில் உரியது?

சென்ற விடுமுறையில் அத்தையிடம் இவற்றையெல்லாம் விளக்கி, முன்னர் நான் கூறிய சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார். "நம்ம ஆளுகளுக்கெல்லாம் உள்ளதுதானே, தம்பி" என்றார். அவருக்கு என்மேற் சினமில்லை. சினமில்லாமையே என்னை வருத்திற்று. கங்காணி சொன்னதை விட, நான் சொன்னதை விட, அவரே தம்மைப் பற்றிச் சொன்ன அச்சொல் கொடியது. எல்லாருக்கும் உள்ளது என்பது ஒரு துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்கான காரணமன்று. அதனை எல்லாருமாக நீக்குவதற்கான காரணமேயாகும்.